சிற்றுருவப் புகைவண்டி

பெரியோர் ஏறிச் செல்லும் தேரைக் கண்ட சிறுவர், தமக்கும் ஒரு தேர் வேண்டுமென விரும்புவது இயல்பு. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடிய குழந்தைகளைப் பற்றிக் கூறுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவம் அமைந்துள்ளது. பெரிய பொருளைச் சிறிய உருவில் செய்து, அதைக் கையால் இயக்கி மகிழும் ஆசை அவ்வளவு பழமையானது. திருவிழாக் காலத்தில் வீதி வலம் வரும் தேரும் ஒருவகையில் கோயிலின் சிற்றுருவமே அன்றோ? நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே மணலைப் பரப்பி, குளமும் மலையும் பூங்காவும் அமைத்து, அவற்றினூடே ஒரு சிறு புகைவண்டியை ஓடவிடும் வீடுகள் தமிழ்நாட்டில் பல உண்டு. அந்தக் கொலுப் பூங்காவின் வழியிலேயே இன்னும் நெடுந்தூரம் சென்றால், நாம் காண்பது சிற்றுருவ இருப்புப்பாதை என்னும் நுண்கலையாகும்.

விளையாட்டுப் பொம்மைக்கும் சிற்றுருவத்திற்கும் வேறுபாடு உண்டு. பொம்மைப் புகைவண்டி ஓடினாற் போதும். அதன் சக்கரம் எத்தனை, சன்னல் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. சிற்றுருவமோ உண்மையான வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்திற் குறைத்துச் செய்வது. அதைச் செய்பவர் முதலில் அளவுகோலைக் கையில் எடுக்கிறார். பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறார். உலகெங்கும் மாணவர், மருத்துவர், பொறியாளர், ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் எனப் பலதிறத்தாரும் இக்கலையில் ஈடுபட்டு வருகின்றனர்.

இதன் வரலாறு புகைவண்டியின் வரலாற்றோடு இணைந்தது. புகைவண்டி தோன்றிய சில ஆண்டுகளிலேயே தகரத்தாலும் மரத்தாலும் பொம்மை வண்டிகள் செய்யப்பட்டன. ஆனால் ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது. ஒவ்வொன்றின் அகலமும் வெவ்வேறாக இருந்தது. 1891-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு மார்க்லின் நிறுவனம், லைப்சிக் நகரத்துச் சந்தையில், வரையறுத்த அகலங்களையுடைய பொம்மை இருப்புப்பாதையை வெளியிட்டது. இன்று ஓர் எஞ்சின் வாங்கியவர், அடுத்த ஆண்டு இரண்டு பெட்டிகளும், அதற்கடுத்த ஆண்டு சில தண்டவாளத் துண்டுகளும் வாங்கிச் சேர்த்துக்கொள்ள இது வழி செய்தது. பொது அளவு ஒன்று ஏற்பட்டவுடன், பொம்மை ஒரு கலையாக வளரத் தொடங்கியது. 1910-இல் இலண்டனில் சிற்றுருவ இருப்புப்பாதைக் கழகம் ஒன்று தோன்றியது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் வண்டிகளை விற்கத் தொடங்கினார். பின்னர்ச் சாவியின் இடத்தை மின்சாரம் பெற்றது.

இக்கலையின் உயிர்நாடி அளவு விகிதமாகும். இன்று பெருவழக்கில் உள்ள விகிதங்களுள் ஒன்று எண்பத்தேழில் ஒரு பங்கு. இதனை எச். ஓ. என்பர். உண்மையில் 87 மீட்டர் நீளமுள்ள ஒரு பொருள், இவ்விகிதத்தில் ஒரு மீட்டர் நீளமே இருக்கும். சராசரி உயரமுள்ள மனிதர் ஒருவர் 19 அல்லது 20 மில்லிமீட்டர் உயரமே நிற்பார். இன்னும் சிறிய இடத்தில் அமைக்க விரும்புவோர் நூற்றறுபதில் ஒரு பங்கைக் கொள்வர். அதன் தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர் அகலமே இருக்கும்.

இவ்விகிதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கமாக அறியலாம். திருவண்ணாமலை நகரையும் அதன் புகைவண்டி நிலையத்தையும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்ய ஒருவர் எண்ணுவதாகக் கொள்வோம். அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளை உடையது; ஏறத்தாழ 66 மீட்டர் உயரமுள்ளது. சிற்றுருவில் அது 76 சென்டிமீட்டர் உயரம் பெறும். மேசையின் மீது வைத்தால் அதன் கலசம் நிற்பவரின் நெற்றிக்கு நேரே இருக்கும். இதுவரை இடர் ஒன்றுமில்லை. ஆனால் மலை நகரத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. அதை அதே விகிதத்திற் செய்தால், ஏழு மீட்டர் உயரத்திற்கு, அதாவது இரண்டு மாடி வீட்டின் உயரத்திற்கு, மண்ணைக் குவிக்க வேண்டும். மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதை 161 மீட்டர் நீளம் பெறும். எந்த வீட்டின் கூடத்திலும் அது அடங்காது.

ஆகவே, சிற்றுருவக் கலைஞர் எல்லாவற்றையும் செய்ய முற்படுவதில்லை. எதை விடுவது என்று தேர்ந்துகொள்கிறார். நிலையத்தையும் தண்டவாளங்களையும் அருகிலுள்ள சில கட்டடங்களையும் முறையான விகிதத்திற் செய்வார். சற்றுத் தொலைவில் உள்ள வீடுகளை இன்னும் சிறியனவாகச் செய்வார். சிறிய பொருள் தொலைவில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். மலையைப் பின்புறச் சுவரில் ஓவியமாகத் தீட்டிவிடுவார். தொலைவிலுள்ள மலை நீலம் கலந்து மங்கித் தோன்றும் என்பதை அறிந்து வண்ணத்தைக் குழைப்பார். வண்டித் தொடரிலும் இவ்வாறே செய்ய வேண்டும். இன்றைய அகலப்பாதையில் ஓடும் இருபது பெட்டிகள் கொண்ட தொடர், சிற்றுருவில் ஐந்து மீட்டருக்கு மேல் நீளும். ஆறு பெட்டிகளைக் கோத்து, நடைமேடையையும் அதற்கேற்பக் குறைத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை. முழுவதையும் காட்டாமலே முழுமையை உணர்த்துவது ஓவியருக்கும் புலவருக்கும் உரிய திறமை. அது சிற்றுருவக் கலைஞருக்கும் வேண்டும்.

அடுத்து வருவது பாதையின் அகலம் பற்றிய சிக்கல். உலகில் பல நாடுகளில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர் வரும். கடைகளில் விற்கும் எச். ஓ. தண்டவாளங்கள் இந்த அகலத்தையே உடையன. இந்தியாவின் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. சிற்றுருவில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருத்தல் வேண்டும். கடைத் தண்டவாளத்தின் மீது இந்திய வண்டியை நிறுத்தினால், அகன்ற உடலைக் குறுகிய கால்கள் தாங்கி நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் குறைந்த பாதைக்கு அது ஒப்பாகும். ஆங்கிலேயரும் இத்தகைய இடர்ப்பாட்டை அறிவர். அவர்தம் எஞ்சின்கள் உருவிற் சிறியன. பழங்காலத்து மின்னோடிகள் அவற்றின் சிற்றுருவத்துள் அடங்கவில்லை. ஆதலின் தண்டவாளத்தை மாற்றாமல், வண்டியை மட்டும் சற்றுப் பெரிதாக, எழுபத்தாறில் ஒரு பங்காகச் செய்தனர். அதனால் அவர்தம் பாதை வண்டிக்குக் குறுகியதாயிற்று. அதைப் பொறுக்காத சிலர் 18.83 மில்லிமீட்டர் அகலத்தில் தாமே தண்டவாளம் அமைத்துக்கொள்ளத் தொடங்கினர். நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரையும் பொருட்படுத்தும் அவர்தம் ஊக்கம் வியக்கத்தக்கது.

மீட்டர் பாதையைச் சிற்றுருவில் அமைப்போர்க்கு இத்தொல்லை குறைவு. ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும். சுவிட்சர்லாந்து நாட்டு மலைப்பாதைகளைச் சிற்றுருவிற் செய்வோருக்காக 12 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளங்கள் விற்கப்படுகின்றன. வேறுபாடு அரை மில்லிமீட்டரே, கண்ணுக்குப் புலப்படாது. ஆகையால், பழைய திருவண்ணாமலை நிலையத்தை அமைப்பது இன்றைய நிலையத்தை அமைப்பதைவிட ஒருவகையில் எளிது.

பழைய நிலையம், இன்றைய நிலையம் என்று பிரித்துக் கூறக் காரணம் உண்டு. சிற்றுருவக் கலைஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா, ‘எந்த ஊர்?’ என்பதன்று, ‘எந்த ஆண்டு?’ என்பதே. விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு, திருக்கோவலூர், திருவண்ணாமலை, போளூர், ஆரணி சாலை, கண்ணமங்கலம், வேலூர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் பாதை 161 கிலோமீட்டர் நீளமுள்ளது. 1890-களின் தொடக்கத்தில் தென்னிந்திய இரயில்வே இதனை மீட்டர் பாதையாக அமைத்தது. நூறாண்டுகளுக்கு மேல் மீட்டர் பாதையாகவே விளங்கிய இது, 2010-இல் அகலப்பாதையாக மாற்றப்பெற்று மீண்டும் திறக்கப்பட்டது. எனவே, நீராவி எஞ்சின் நிற்கும் நிலையத்தில் அகலப்பாதைப் பெட்டிகளை நிறுத்தினால் அச்சிற்றுருவம் பொய்யாகிவிடும். பெட்டிகளின் நிறமும் காலத்தைக் காட்டும். நெடுங்காலம் செங்கல் நிறத்தில் ஓடிய பெட்டிகள் 1990-களுக்குப் பின்னரே நீலம் பூண்டன.

காலம் தவறிய உருவம் எத்தகைய குழப்பத்தை விளைவிக்கும் என்பதற்கு இப்பாதையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவர் மதுரையிலிருந்து தனியே திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். பிற்காலத்தில் உலகம் இரமண மகரிஷி என்று போற்றியது அவரையே. அவர் கையில் இருந்தது மூன்று ரூபாய். வழியறிய ஒரு நிலப்படத்தைப் பார்த்தார். அது பழைய படம். திருவண்ணாமலைக்கு மிக அண்மையிலுள்ள நிலையம் திண்டிவனமே என்று அது காட்டியது. விழுப்புரத்திலிருந்து புதிய பாதை போடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தும், படத்தில் அது ஏறவில்லை. அவர் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்கிவிட்டார். உடன் பயணம் செய்த இசுலாமியப் பெரியவர் ஒருவர் புதிய பாதையைப் பற்றிக் கூறிய பின்பே உண்மை விளங்கிற்று. விழுப்புரத்தில் இறங்கி, எஞ்சிய சில்லறையைக் கொண்டு மாம்பழப்பட்டு வரை சென்றார். அங்கிருந்து பல மைல் நடந்தார். பின்னர்த் தம் காதணியை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, திருக்கோவலூரில் மீண்டும் வண்டி ஏறி, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். படம் காட்டாத அந்தப் பாதையே இறுதியில் அவரைக் கொண்டு சேர்த்தது.

நிலப்படமும் ஒரு சிற்றுருவமே. பெரிய நாட்டைத் தாளின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுவது அது. படத்தை வரைந்தவர் பொய் கூறவில்லை. அவர் காலத்தில் அது மெய்யாகவே இருந்தது. ஆனால் ஆண்டு மாறியது, உருவம் மாறவில்லை. எந்தச் சிற்றுருவமும் ‘நான் இன்ன ஆண்டைக் காட்டுகிறேன்’ என்று தெளிவாக உணர்த்துதல் வேண்டும். இதனாலேயே தேர்ந்த கலைஞர்கள் பழைய நிழற்படங்களையும் கால அட்டவணைகளையும் தேடிச் சேர்க்கின்றனர். அக்காலத்தில் பணிபுரிந்த முதியோரை நாடிக் கேட்டறிகின்றனர். கூரை ஓடா, கல்நாரா? கைகாட்டி மரம் எப்பக்கம் நின்றது? எஞ்சினுக்கு நீர் ஊற்றும் தொட்டி எவ்விடத்தில் இருந்தது? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வாராதிருக்க, நிலைய அதிகாரி கொடுக்கும் அடையாளப் பந்தைப் பிரம்பு வளையத்திற் கட்டி எஞ்சின் ஓட்டுநரிடம் நீட்டிய ஊழியர் எங்கு நின்றார்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பிறகே கைவேலை தொடங்குகிறது.

கைவேலையின் முறையையும் சிறிது காண்போம். முதலில் மரச்சட்டங்களால் உறுதியான ஒரு மேடை அமைக்கப்படும். நம் நாட்டில் மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்; கோடையில் உலர்ந்து வளையும். ஆதலின் நன்கு உலர்ந்த மரத்தைத் தேர்ந்து, எல்லாப் பக்கங்களிலும் வண்ணம் பூச வேண்டும். தண்டவாளமும் வெயிலில் நீளும். துண்டுகளுக்கு இடையே மெல்லிய தாள் நுழையும் அளவு இடைவெளி விடாவிட்டால் பாதை நெளிந்துவிடும். குறுக்குக்கட்டைகளுக்கு இடையே சரளைக்கல் பரப்ப வேண்டும். உண்மைப் பாதையில் 50 மில்லிமீட்டர் அளவுள்ள கல், சிற்றுருவில் 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆற்றுமணலை நுண்ணிய சல்லடையில் சலித்தால் தக்க அளவு கிடைக்கும். அதைப் பரப்பி, நீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு உறுதியாக்குவர்.

கட்டடங்களைக் கெட்டி அட்டையாலும் மெல்லிய மரத்தகட்டாலும் செய்யலாம். உலர்ந்த புல்பூண்டுகளின் கிளைகள் மரங்களாகும். பனைமரத்திற்கு மெல்லிய குச்சியும் வெட்டிய பச்சைத்தாளும் போதும். ஆயினும், புதிதாக வண்ணம் பூசிய நிலையம் உண்மையான நிலையம்போல் தோன்றுவதில்லை. வெயிலில் வெளுத்த சுவர், மழைநீர் வழிந்த கறை, கைபட்டுக் கறுத்த தூண், துருவேறிய தகரம், கரிப்புகை படிந்த மேற்கூரை ஆகியவை அமைந்தாலே உயிர் வரும். இதற்காகக் கலைஞர்கள் கரித்தூளையும் செம்மண்ணையும் பொடித்த சுண்ணத்தையும் மெல்லிய தூரிகையால் தடவுவர். அழுக்கையும் அளவோடு செய்ய வேண்டியிருப்பது இக்கலையின் விந்தை. சிறிது மிகுந்தால் நிலையம் பாழடைந்ததாகத் தோன்றும். சிறிது குறைந்தால் பொம்மையாகிவிடும்.

எஞ்சினில் இன்னும் நுண்ணிய வேலை உண்டு. இந்திய மீட்டர் பாதைகளில் விரைவு வண்டிகளை இழுத்த ஒய். பி. வகுப்பு நீராவி எஞ்சின் முன்புறம் நான்கு சிறு சக்கரங்களும், நடுவில் ஆறு பெரிய சக்கரங்களும், பின்புறம் இரண்டு சக்கரங்களும் உடையது. அமெரிக்காவிலிருந்து முதலில் வந்த இவ்வகை, பின்னர் ஜம்ஷெட்பூரிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. அதன் பெரிய சக்கரம் 1,372 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. சிற்றுருவில் 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய அந்தச் சக்கரத்தில் ஆரங்கள் இருத்தல் வேண்டும். அவற்றை இணைக்கும் தண்டுகள் முன்னும் பின்னும் அசைதல் வேண்டும். ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, விளக்கு, நீராவிக் குழாய் ஆகியவை உரிய இடங்களில் நிற்றல் வேண்டும். ஆயத்தமாக விற்கும் எஞ்சின்களில் பெரும்பாலானவை பிற நாட்டு வண்டிகளின் உருவங்கள். ஆகவே, இந்திய எஞ்சின் வேண்டுவோருட் பலர் வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் அடிப்பகுதியை எடுத்து, அதன்மேல் பித்தளைத் தகட்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ புதிய உடலைத் தாமே கட்டுகின்றனர். அண்மைக் காலத்தில் கணிப்பொறியில் உருவத்தை வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்தெடுக்கும் வழக்கமும் பரவியுள்ளது.

இனி, வண்டி எவ்வாறு ஓடுகிறது எனக் காண்போம். பழைய முறையில் இரண்டு தண்டவாளங்களும் மின்கம்பிகளாகப் பயன்படுகின்றன. ஒன்றின் வழியே 12 வோல்ட் அளவுள்ள நேர்மின்னோட்டம் வந்து, சக்கரத்தின் வாயிலாக எஞ்சினுள் இருக்கும் மின்னோடியைச் சுழற்றி, எதிர்ச் சக்கரத்தின் வழியே மற்றத் தண்டவாளத்திற்குத் திரும்புகிறது. இரு சக்கரங்களையும் இணைக்கும் இருசில் மின்சாரம் பாயாதவாறு தடுப்பு வைக்கப்பட்டிருக்கும். இல்லையேல் குறுக்குச் சுற்று ஏற்படும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் விரைவு கூடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வெவ்வேறு விரைவில் ஓட்ட வேண்டுமானால், பாதையைப் பல பகுதிகளாகத் துண்டித்து ஒவ்வொன்றுக்கும் தனி மின்விசை வைக்க வேண்டும். 1990-களில் பரவிய எண்மமுறை இத்தொல்லையை நீக்கியது. அம்முறையில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. மின்சாரத்தோடு ஆணையும் தண்டவாளத்தின் வழியே செல்லும். எந்த எண்ணுக்குரிய ஆணையோ, அந்த எஞ்சின் மட்டும் அதற்குப் பணியும்.

எம்முறையாயினும் தண்டவாளத்தில் தூசி படிந்தால் மின்தொடர்பு அறும்; வண்டி நின்றுவிடும். ஆகவே நாள்தோறும் தண்டவாளத்தைத் துடைப்பது இக்கலைஞரின் முதற்கடமை. விரைவிலும் விகிதத்தைப் போற்ற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் வண்டி, எண்பத்தேழில் ஒரு பங்கு உருவில் ஒரு நொடிக்கு 19 சென்டிமீட்டரே செல்லும். சிறுவர் பொம்மையை விரைந்து ஓட்டி மகிழ்வர். தேர்ந்தவரோ மெல்ல ஓட்டுவதில் தம் திறமையைக் காட்டுவர். நின்ற நிலையிலிருந்து அசைவது தெரியாமல் அசைந்து, ஆமைபோல் நகர்ந்து, பெட்டியைத் தொட்டு ஒலியின்றி இணையும் எஞ்சினே நல்ல எஞ்சின் என்று போற்றப்படும்.

இக்கலை தனியறையில் தொடங்கினாலும் தனியறையிலேயே முடிவதில்லை. ஒருவர் தச்சு வேலையில் வல்லவர். மற்றொருவர் மின்கம்பி இணைப்பதில் வல்லவர். வேறொருவர் வண்ணம் தீட்டுவதில் வல்லவர். கூடினாலன்றி எவர் பணியும் நிறைவு பெறாது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு சிறு பகுதியை மட்டும் செய்துவந்து, ஓரிடத்தில் எல்லாவற்றையும் இணைத்து ஒரே நீண்ட பாதையாக்கும் முறையும் உண்டு. இதற்கு ஒரே ஓர் உடன்பாடு போதும். மேடையின் உயரம், விளிம்பில் தண்டவாளம் நிற்கும் இடம், மின்கம்பியின் இணைப்பு ஆகியவை எல்லாருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். விளிம்பில் உடன்பாடு, நடுவில் அவரவர் விருப்பம். ஒருவர் பகுதியில் வயல் இருக்கும். அடுத்தவர் பகுதியில் பாலம் இருக்கும். வண்டி தடையின்றி இரண்டிலும் ஓடும்.

இந்தியாவில் இக்கலையைப் பொதுமக்கள் காண விரும்பினால், மராட்டிய மாநிலத்துப் புனே நகருக்குச் செல்லலாம். அங்குள்ள ஜோஷி சிற்றுருவ இருப்புப்பாதைக் காட்சியகம், பாவுசாகேப் ஜோஷி என்பவரின் வாழ்நாள் ஆர்வத்தில் உருவாகி, 1998-இல் திறக்கப்பட்டது. ஒரு நகரமே மேசைமேல் அமைந்து, பலவகை வண்டிகள் அதனூடே ஓடுவதை அங்குக் காணலாம். 1977-இல் புதுதில்லியில் தோன்றிய தேசிய இரயில் காட்சியகத்திலும், 2002-இல் சென்னைப் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டித் திறக்கப்பட்ட வட்டார இரயில் காட்சியகத்திலும், உண்மையான பழைய வண்டிகளோடு சிற்றுருவங்களும் வைக்கப்பட்டுள்ளன. உலகில் மிகப் பெரியது செருமானிய நாட்டு ஹாம்பர்க் நகரில் 2001-இல் தொடங்கப்பட்ட காட்சியகமாகும். அதன் தண்டவாளங்களின் நீளம் 15 கிலோமீட்டருக்கு மேற்பட்டது.

இவை யாவும் பொழுதுபோக்குத்தானே, இவற்றால் பயன் யாது என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் 1912-இல் செய்யப்பட்ட ஒரு சிற்றுருவப் பாதை, கைகாட்டிப் பணியாளரைப் பயிற்றுவதற்கே பயன்பட்டது. உண்மைப் பாதையில் ஒரு பிழை பல உயிர்களைப் பறிக்கும். சிற்றுருவப் பாதையில் அதே பிழை ஒரு பாடமாக முடியும். இந்திய இரயில்வேயின் பயிற்சி நிலையங்களிலும் மாதிரி அறைகள் இப்பணியைச் செய்கின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 1946-இல் ஒரு சிற்றுருவ இருப்புப்பாதைக் கழகம் தொடங்கினர். மேடைக்கு அடியில் தொலைபேசி உறுப்புகளைக் கொண்டு சிக்கலான மின்சுற்றுகளை அமைத்த அம்மாணவர்களுட் சிலர், அதே ஆர்வத்தோடு கணிப்பொறியை நாடினர். கணிப்பொறித் துறையின் தொடக்க கால வல்லுநர் பலர் அக்கழகத்திலிருந்து தோன்றினர். மேசைக்கு மேலே ஓடிய வண்டியைவிட, மேசைக்கு அடியில் நிகழ்ந்த சிந்தனை பெரிதாயிற்று.

மற்றொரு பயனும் உண்டு. அது நம் நாட்டுக்குச் சிறப்பாக உரியது. இந்தியாவின் மீட்டர் பாதைகளை அகலப்பாதையாக மாற்றும் பெருந்திட்டம் 1992-இல் தொடங்கியது. இம்மாற்றத்தால் மக்களுக்குப் பெருநன்மை விளைந்தது. வழியில் வண்டி மாறும் தொல்லை நீங்கியது; கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமிக்கும் தொலைவூர்களிலிருந்து வரும் அடியவர்கள் நேரே திருவண்ணாமலையில் இறங்க முடிகிறது. ஆனால் ஒரு நூற்றாண்டுக் காலம் மக்களைச் சுமந்த மீட்டர் பாதை ஏறத்தாழ மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் நீலகிரி மலைப்பாதை அதன் நினைவாக எஞ்சி நிற்கின்றது. பழைய தண்டவாளங்கள் உருக்கப்பட்டன, நீர்த்தொட்டிகள் இடிக்கப்பட்டன, கைகாட்டி மரங்கள் அகற்றப்பட்டன. அவற்றோடு பணிபுரிந்த மனிதரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். எழுத்தில் உள்ள வரலாறு, எந்த ஆண்டில் எந்தப் பாதை திறக்கப்பட்டது என்று கூறும். நடைமேடையின் நீளத்தையும், தூணின் நிறத்தையும், வேப்பமரத்து நிழலில் இருந்த விசிப்பலகையையும் அது கூறுவதில்லை. முறையாக அளந்து செய்த சிற்றுருவமே அவற்றைக் காத்து வைக்கும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. தம் ஊரிலுள்ள ஒரு பழைய கட்டடத்தை, அது நிலையமாயினும் சத்திரமாயினும் பள்ளியாயினும், ஒரு மாணவர் அளவுநாடா கொண்டு உரியவர் இசைவு பெற்று அளக்கலாம். அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் 87-ஆல் வகுத்து, அட்டையில் வரைந்து வெட்டி ஒட்டலாம். தாளின் மூலையில் அளந்த நாளையும் ஆண்டையும் மறவாமற் குறிக்க வேண்டும். முதல் முயற்சி கோணலாகவே அமையும், அதனால் இழுக்கில்லை. அளக்கத் தொடங்கிய கண், அதுவரை கண்டும் காணாமற் போன பலவற்றைக் காணத் தொடங்கும். அந்தக் கட்டடம் ஒருநாள் இல்லாமற் போகலாம். அன்று, உள்ளங்கையளவுள்ள அந்த அட்டை வீடும் அதன் மூலையிற் குறித்த ஆண்டும், அவ்வூரின் உண்மையைப் பின்வருவோர்க்கு எடுத்துரைக்கும்.